எப்பிராத்தாபுரம் கோயிலின் கீழ்ப்பக்கம்

எப்பிராத்தாபுரம் தூய தோமா ஆலயத்தின் பலிபீடம், தொற்காள் மகள் சலோமிக்கு முதல் கல்யாண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவருக்குப் போய்விட்டது. சத்தம் இல்லை, புழுதி இல்லை, மெழுகுவர்த்திகூட அணையவில்லை. மேலே விரித்த வெள்ளைத் துணி, பித்தளைச் சிலுவை, முன்னால் நற்கருணைக்கு முழங்காலிடுகிற தேக்குக் கம்பித் தடுப்பு, பின்னால் மூன்று நெட்டைக் கண்ணாடி ஜன்னல்கள், எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில் வெயில் படாத பக்கம் மாறி உட்காருகிறவரைப் போல எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டது. அது இருந்த இடத்தில் வெறும் வெள்ளைச் சுவர் இருந்தது, அந்தச் சுவரில் வெகுகாலம் குடியிருந்ததைப் போல ஒரு பல்லியும் இருந்தது. எங்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆச்சரியப்பட வேண்டியது அந்தக் கோயிலுக்குள் தலைமுறை தலைமுறையாகக் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது, அதற்கு ஒருவரும் புருவத்தைக்கூட உயர்த்தியதில்லை.

ஊரைச் சொல்லிவிடுகிறேன். எப்பிராத்தாபுரத்தில் தெருக்கள் இரண்டுதான், நடுவில் கோயில். கோயிலுக்கு மேற்கே மேலத்தெரு, கிழக்கே கீழத்தெரு. சூரியனைப் பார்த்து வைத்த பேர்கள், அவற்றில் ஒரு குற்றமும் கிடையாது. இரண்டு தெருக்காரர்களும் ஒரே வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் கையால், ஒரே குளத்துத் தண்ணீரில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான், குளத்திலிருந்து ஈரத்தலையோடு கரையேறும்போதே மேலத்தெருக்காரர்கள் ஒரு பக்கமாகவும் கீழத்தெருக்காரர்களாகிய நாங்கள் இன்னொரு பக்கமாகவும் ஏறினோம் என்பது மட்டும்தான் வித்தியாசம், அந்த வித்தியாசத்துக்கு ஊரில் சாதி என்று பேர், கோயில் கமிட்டியில் ஒழுங்கு என்று பேர்.

கோயிலைப் பார்த்தால் யாருக்கும் கை தன்னால் குவியும், அதை நான் மறுக்க மாட்டேன். தாது வருஷப் பஞ்சத்தில், ஒருவேளைக் கஞ்சிக்காக, பொத்தைக் குன்றில் உடைத்த கருங்கல்லைத் தலையில் சுமந்து வந்தது கீழத்தெரு, கடல் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, அதில் கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளையும் விட்டு, கை தோல் உரிய உரிய அரைத்தது கீழத்தெருப் பெண்கள், அப்படி அரைத்த காரையில்தான் கூர்நுனி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, பனங்கட்டைகள் மேலே ஏறி, மேற்குக் கோடியில் கோபுரமும் கோபுரத்தில் மணியும் வந்தன. கண்ணாடி ஜன்னல்கள் சீமையிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, வைக்கோலுக்குள் புதைந்து மாட்டுவண்டியில் ஊர் சேர்ந்தன. நடுக்கண்ணாடியில் தோமா விரலை நீட்டி ஆண்டவருடைய காயத்தைத் தொட்டுப் பார்க்கிறார். தொடுகிற மனிதரின் பேரில் கோயிலைக் கட்டிவிட்டு, எங்களைத் தொடாமல் எப்படி ஆராதிப்பது என்று யோசித்து யோசித்தே மேலத்தெரு பல தலைமுறைகளைக் கழித்தது. 'கட்டினவர் கனம் பார்ன்வெல் ஐயர்' என்று சுவரில் பளிங்கு வைத்திருக்கிறார்கள். அவர் குடைபிடித்து நின்றார், அதுவும் ஒரு வேலைதான், சொல்லக் கூடாது என்றில்லை.

கோயிலுக்குள் பாதித் தரை ஒரு படி உயரம், பாதித் தரை ஒரு படி தாழ்வு. உயர்ந்த பாதி கிழக்கே, பலிபீடத்தை ஒட்டி. அதில் மேலத்தெருவுக்குப் பெஞ்சுகள், குடும்பப் பேர் செதுக்கி, தரையோடு திருகி வைத்தவை. தாழ்ந்த பாதி மேற்கே, கோபுரத்தின் அடியில். அங்கே எங்களுக்குச் சமுக்காளம். எங்கள் வீடுகளோ பலிபீடத்துச் சுவருக்கு நேர்பின்னால், நாங்கள் வீட்டில் இருமினால் அங்கே கேட்கும் தூரத்தில். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் கோயிலைச் சுற்றிக்கொண்டு மேற்கே போய், கடைசி வாசல் வழியாக நுழைந்து, கடைசியில் உட்கார வேண்டும். நற்கருணையிலும் அதே வரிசைதான். ஒரே பாத்திரம், ஒரே திராட்சரசம், முதலில் மேலத்தெரு வாய் வைக்கும், பிறகு நாங்கள். பாத்திரம் எங்களிடமிருந்து அவர்களிடம் திரும்பிப் போனதாகச் சரித்திரமே இல்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் கேட்டால் வாசல் கல்லைக் காட்டுவார்கள். பார்ன்வெல் ஐயர் சீமைக்குத் திரும்புவதற்கு முன்னால் தம் சொந்தத் தமிழில் எழுதிக்கொடுத்து வெட்டவைத்த கல். 'மேலத்தெருவார் மேற்பக்கமும் கீழத்தெருவார் கீழ்ப்பக்கமும் அமர்ந்து கர்த்தரை ஆராதிக்கக்கடவர்கள்.' கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைதோறும் கமிட்டிச் செயலர் இதை மைக்கில் வாசிப்பார். மேற்பக்கம் என்றால் உயர்ந்த பாதி, கீழ்ப்பக்கம் என்றால் தாழ்ந்த பாதி என்று அவர்களும் வாசித்தார்கள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாங்களும் அப்படித்தான் வாசித்தோம். அந்த வரி எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனத்தைவிட நன்றாகத் தெரியும்.

கல்யாணத்துக்கும் இதே சட்டம். மேலத்தெருப் பெண் பலிபீடத்தின் முன்னால் நின்று கழுத்தை நீட்டுவாள். கீழத்தெருப் பெண் மேற்குக் கோடியில், கோபுரத்துக்கு அடியில், ஞானஸ்நானத் தொட்டியின் பக்கத்தில் நிற்பாள். தொட்டிக் கல்யாணம் என்று அதற்குப் பேரே உண்டு. அந்த இடத்தில்தான் உடைந்த பெஞ்சையும் விளக்குமாற்றையும் சவவண்டியையும் போட்டுவைப்பார்கள். அதனால் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கல்யாண போட்டோவை எடுத்துப் பார்த்தாலும் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் சவவண்டியின் ஒரு சக்கரம் தெரியும். என் கல்யாண போட்டோவிலும் தெரிகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், இப்போது எழுதும்போதும் எரிகிறது.

சலோமி இதை மாற்ற வேண்டும் என்றாள். அவள் தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சு. ஏ.சி. ரிப்பேர் பார்க்கிற தீத்து என்ற பையனை அவளே பார்த்து, அவளே பேசி, அம்மாவிடம் வந்து சொன்னாள். தொற்காளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. கணவர் செத்த நாளிலிருந்து ஓலைக்கொட்டான் முடைந்து மகளை ஆளாக்கியவள் அவள், ஒரே மகளின் கல்யாணம் கோயிலில் நடக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் மகள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"தொட்டி பிள்ளையக் குளிப்பாட்டுததுக்கு இருக்கும்மா. அங்கன நின்னு நான் கழுத்த நீட்ட மாட்டேன். பீடத்துக்கு முன்னால நிறுத்துனா கோயில், இல்லன்னா ரிஜிஸ்தர் ஆபீசு."

தொற்காள் மகளைத் திட்டவில்லை. வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு மேலத்தெருவுக்குப் போய், கமிட்டிச் செயலர் துரைசிங் சார் வீட்டு வாசலில் நின்று கேட்டாள். துரைசிங் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தமிழ்தான் அவருடைய பாடம், அவரிடம் படித்தவர்கள் ஒருவருக்கும் ஒற்றுப்பிழை வராது. வழக்கத்தை மாற்றத் தமக்கு அதிகாரம் இல்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். வருத்தத்தோடு சொல்வது அவருக்கு எப்போதுமே நன்றாக வரும். அங்கிருந்து சபைப் போதகர் கிருபாகரன் ஐயரிடம் போனாள். ஐயர் சின்ன வயசு, இடமாற்றத்துக்குப் பயந்தவர், அவருடைய மேஜை விசிறிகூட மேலத்தெரு வாங்கிக்கொடுத்தது. முதலில் ஓலையை வாசிப்போம் அம்மா, மூன்று ஞாயிறு இருக்கிறதே, கர்த்தர் வழி திறப்பார் என்றார். ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் வாசித்து, தடை உண்டா என்று கேட்டு, இல்லை என்றால்தான் கோயிலில் கல்யாணம். ஐயர் பேச்சுக்குத்தான் அப்படிச் சொன்னார். கர்த்தர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தோன்றுகிறது.

முதல் ஓலையை வாசித்து, 'தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லக்கடவர்கள்' என்று ஐயர் நிமிர்ந்தபோதுதான் பலிபீடம் போய்விட்டிருந்தது. அது வந்து நின்றது தொட்டியின் பக்கத்தில், எங்கள் சமுக்காளத்துக்கு முன்னால், தொற்காளின் முழங்காலுக்கு ஒரு கை தூரத்தில். சவவண்டியும் விளக்குமாறும் என்ன ஆயின என்று இன்றுவரை தெரியாது. மேலத்தெருப் பெஞ்சுகளில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பெஞ்சு தரையோடு திருகியிருந்ததால் அவர்களால் கழுத்தைத்தான் திருப்ப முடிந்தது. ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே அவர்கள் விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். ஐயர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலின் நீளம் முழுக்க நடந்து வந்து பலிபீடத்தைச் சேர்ந்தார்.

அதுவரைக்கும்கூட மேலத்தெரு பொறுத்துக்கொண்டது. நற்கருணை வந்ததும்தான் ஊர் கலங்கியது. கம்பிக்குப் பக்கத்தில் இருந்தது நாங்கள், ஆகவே முதலில் முழங்காலிட்டதும் நாங்கள், பாத்திரம் தொற்காள் வாயிலிருந்து சலோமி வாய்க்குப் போய், என் வாய்க்கு வந்து, கீழத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு, அதன் பிறகு மேலத்தெருவின் முகத்துக்கு முன்னால் போய் நின்றது. சிலர் உதட்டை மூடிக்கொண்டு குடிப்பதுபோல் பாவனை செய்தார்கள். துரைசிங் சார் கைக்குட்டையால் விளிம்பைத் துடைத்தார். ஆண்டவரின் இரத்தம் என்று சொல்லிக் கொடுக்கிற பாத்திரத்தை ஒரு மனிதர் கைக்குட்டையால் துடைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், பலிபீடம் நடந்ததைவிட அதுதான் எனக்கு நம்பமுடியாததாக இருந்தது.

அந்த வாரம் யார் யாரோ வந்தார்கள். ஓர் என்ஜினீயர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்றார். யூடியூப்காரர்கள் வந்தார்கள், நகராத பலிபீடத்தை அரைநாள் படம் பிடித்துச் சலித்துப்போய்ப் பதநீர் குடித்துவிட்டுப் போனார்கள். மேலிடத்துக்கு எழுதியதற்கு, பலிபீடம் இருக்கும் இடம் உள்ளூர்க் கமிட்டியின் பராமரிப்புக்கு உட்பட்டது என்று பதில் வந்தது. கமிட்டி கூடிப் பேசியது. பலிபீடம் ஏன் நகர்ந்தது என்று அதில் ஒருவரும் கேட்கவில்லை, அது நகர்ந்தால் நம் பெஞ்சை எங்கே போடுவது என்பதுதான் பேச்சாக இருந்தது. முடிவில் தச்சரை வைத்துத் திருகுகளைக் கழற்றி, பெஞ்சுகளை மேற்கே கொண்டுபோய்ப் பலிபீடத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்கள். எங்களைக் கிழக்கே, அந்தப் பல்லிச் சுவர் பக்கம் போகச் சொன்னார்கள். நாங்கள் சமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு போனோம். வீடு பக்கம் ஆகிவிட்டதே என்று எங்கள் பெண்களுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இரண்டாம் ஞாயிறு, இரண்டாம் ஓலை, அதே கேள்வி, ஐயர் நிமிர்ந்தார், பலிபீடம் கிழக்கே வந்துவிட்டிருந்தது, துணியும் சிலுவையும் கம்பியும் கண்ணாடித் தோமாவுமாக, எங்களுக்கு முன்னால், தொற்காளின் முழங்காலுக்கு ஒரு கை தூரத்தில். தச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதற்குள் பல்லி மேற்குச் சுவருக்குப் போயிருந்தது, அதுவும் மேலத்தெருவோடு மாறியதாகத்தான் நினைக்கிறேன். பாத்திரம் மறுபடியும் முதலில் எங்களிடம் வந்தது. அன்றைக்கு மேலத்தெருவில் பாதிப்பேர் நற்கருணைக்கே எழுந்திருக்கவில்லை.

பலிபீடம் நாங்கள் இருக்கிற பக்கம் வருகிறது என்பது இதற்குள் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கிவிட்டது. எல்லாரும் கலந்து உட்கார்ந்துவிட்டால் அது எந்தப் பக்கமும் போக வேண்டியதில்லை என்பதும் விளங்கியது. கலந்து உட்காருவது என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லா வழிகளையும் கமிட்டி ஆராய்ந்தது. பலிபீடத்தைச் சங்கிலியால் கட்டலாமா என்று ஒருவர் கேட்டார், கேட்டவர் வக்கீல்.

புதன்கிழமை கோயில் வளாகத்தில் சபைக்கூட்டம் போட்டார்கள். துரைசிங் சார் எழுந்து, வழக்கம்போல வருத்தத்தோடு, அழகான தமிழில் பேசினார். பலிபீடம் நினைத்த இடத்தில் நிற்கக் கூடாது. உலகத்தில் நம் சபைக் கோயில்கள் எல்லாவற்றிலும் பலிபீடம் சூரியன் உதிக்கிற திசையில்தான் இருக்கும், இது முன்னோர் வகுத்த விதி. ஆகவே பலிபீடம் கீழ்ப்பக்கம் இருந்தே ஆக வேண்டும், என்ன செய்தாவது அதைக் கீழ்ப்பக்கமே நிறுத்தியாக வேண்டும் என்று மேஜையைத் தட்டிச் சொன்னார். மேலத்தெரு கை தட்டியது.

கை தட்டி ஓய்ந்ததும் தொற்காள் எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"சார், எனக்கு வெளங்கல. பீடம் கீழ்ப்பக்கம் இருக்கணும்னு சொல்லுதீங்க. கீழ்ப்பக்கம்னா எந்தப் பக்கம்?"

"கிழக்கும்மா. உங்க தெரு இருக்க பக்கம். இதுல என்ன சந்தேகம்?"

"சரி சார். அப்போ வாசல் கல்லுல கீழத்தெருவார் கீழ்ப்பக்கம் இருக்கணும்னு எழுதிருக்குல்லா, அது எந்தப் பக்கம்?"

எங்கள் தலைக்குள் ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தது. பார்ன்வெல் ஐயர் தமிழ் கற்றது எங்கள் ஊரில். எங்கள் ஊரில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. கீழக்காட்டுக்குப் போகிறேன் என்றால் கிழக்கே போகிறான், மேலக்காற்று என்றால் மேற்கேயிருந்து அடிக்கிறது. அவரவர் தெரு இருக்கிற பக்கமாக வந்து உட்காருங்கள் என்று அந்த மனிதர் எழுதிவைத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். கிழக்கே என்றால் பலிபீடத்தின் பக்கம். கல்லில் வெட்டி, தினமும் வெயில்படுகிற வாசலில் வைத்ததை, ஒற்றுப்பிழை பார்க்கிற ஊர் இத்தனை காலமும் தலைகீழாக வாசித்திருக்கிறது. அவரையும் நான் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள் என்று எழுத அவருக்கும் கை வரவில்லையே.

துரைசிங் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். தமிழாசிரியருக்கு விடை தெரியாமல் இல்லை, தெரிந்ததால்தான் முகம் சிவந்தது.

"அந்தக் கீழ் வேற" என்றார். "இது வேற கீழ்."

கமிட்டி அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. அந்தக் கீழ் வேறு, இந்தக் கீழ் வேறு என்று தீர்மானமே போட்டார்கள். மேலத்தெருப் பெஞ்சுகள் பழையபடி கிழக்கே போய்த் திருகப்பட்டன. பலிபீடம் நிலைத்து நிற்கப் பழகும்வரை கீழத்தெருவார் கோயிலுக்குள் வர வேண்டாம், வெளியே இருந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொள்ளலாம் என்று ஐயரை வைத்து எழுதி ஒட்டினார்கள். சலோமி அதை வாசித்துவிட்டு, தீத்துவுக்குப் போன் பண்ணி, ரிஜிஸ்தர் ஆபீசில் விசாரிக்கச் சொன்னாள். தொற்காள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கல்லைச் சுமந்தது அவள் பாட்டனாரின் பாட்டனார், கல்லில் எழுதியிருந்ததும் அவர்கள் பக்கம், அப்படியும் அவள் மகளுக்கு அதற்குள் நிற்க ஓரடி இடம் இல்லை. மூன்றாம் ஓலை வாசிக்கட்டும், அதுவரைக்கும் பொறு என்று மகளைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

மூன்றாம் ஞாயிறு கடைசி வாசலைப் பூட்டி உள்ளே பெஞ்சை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் எங்கள் தெருவிலேயே, பலிபீடத்துச் சுவருக்குப் பின்பக்கம், குளித்து வெள்ளை உடுத்திச் சமுக்காளத்தை விரித்து உட்கார்ந்தோம். கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து எல்லாம் கேட்டது. பாமாலை கேட்டது, பிரசங்கம் கேட்டது, பிரசங்கம் அன்பைப் பற்றியது. பிறகு ஐயர் மூன்றாம் ஓலையை எடுத்து, காலஞ்சென்ற அருள்மணி, தொற்காள் இவர்களின் குமாரத்தி சலோமி என்று வாசித்து, தடை உண்டா என்று கேட்டார்.

"உண்டு" என்று துரைசிங் சார் குரல் குழாயில் கேட்டது.

என்ன தடை என்று ஐயர் கேட்க, கீழ்ப்பக்கப் பிரச்சினை தீருகிறவரை கீழத்தெருக் கல்யாணம் எதுவும் இந்தக் கோயிலில் கூடாது, தொட்டியிலும் கூடாது என்று சார் சொன்னார். தொற்காள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். சலோமி எழுந்து நின்றாள். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம், என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல் சும்மா எழுந்து நின்றோம்.

அப்போது பலிபீடம் வெளியே வந்தது. வாசலைத் தேடவில்லை, சுவரைக் கேட்கவில்லை, மூன்று ஜன்னல்களோடும் கம்பியோடும் எங்கள் பூவரச மரத்தடியில் வந்து நின்றது. ஜன்னல்களுக்குப் பின்னால் சுவர் இல்லாததால் அவை மரத்தில் சாய்ந்துகொண்டன. மெழுகுவர்த்தி தெருக்காற்றில் கொஞ்சம் ஆடிவிட்டு நிமிர்ந்து எரிந்தது. சுவரில் அது கடந்து வந்த இடத்தில் கூர்நுனி வளைவாக, யாரோ அளந்து கட்டியதைப் போல ஒரு பெரிய வாசல். ஓரத்தில் பழைய காரை பழுப்பாகத் தெரிந்தது, கருப்பட்டி வாசத்துக்குக் கட்டெறும்புகள் அதற்குள் வரிசை கட்டிவிட்டன. அந்த வாசல் வழியாக மேலத்தெருவை நாங்கள் பார்த்தோம், மேலத்தெரு எங்களைப் பார்த்தது. கோயிலுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரே ஒரு படிதான், எங்கள் தெருவுக்குச் சிமெண்டு போட்டுப் போட்டு மட்டம் அவ்வளவு ஏறியிருந்தது.

ஐயர் கையில் ஓலையோடு அந்தப் படியின் விளிம்பில் வெகுநேரம் நின்றார். அவருக்கு இடமாற்றம் நினைவுக்கு வந்திருக்கும், மேஜை விசிறி நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் பலிபீடம் இல்லாத இடத்தில் ஐயருக்கு என்ன வேலை? அங்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பூவரசுக்கு அடியில் வந்து நின்று, உறவுமுறைத் தடையோ முந்தின கல்யாணமோ உண்டா என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்றோம். "தடை இல்லை" என்று ஓலையை மடித்தார்.

அடுத்த புதன்கிழமை சலோமிக்குக் கல்யாணம். பலிபீடத்தின் முன்னால், தெரு நடுவில், பூவரசம்பூ விழுந்துகொண்டிருக்கக் கழுத்தை நீட்டினாள். அன்றைக்கு மேலத்தெருவார் கோயிலுக்குள் எதிர்ப்பு உபவாச ஜெபம் வைத்திருந்ததால், கல்யாண போட்டோவில் தீத்துவின் தோளுக்குப் பின்னால், வளைவுக்கு உள்ளே, வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அவர்களுடைய முகங்கள் விழுந்துவிட்டன. முன்பு சக்கரம் தெரிந்த இடத்தில் இப்போது துரைசிங் சார் தெரிகிறார். தொற்காள் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு நடுவீட்டில் மாட்டியிருக்கிறாள்.

பலிபீடம் இன்றும் எங்கள் தெருவில்தான் இருக்கிறது. மழைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம், கம்பியில் ஆடு உரசாமல் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். மேலத்தெரு இதற்கும் பழகிவிட்டது. பண்டிகை மலரில், கிழக்கு வாசல் காற்றோட்டத்துக்காகப் பார்ன்வெல் ஐயர் அந்தக் காலத்திலேயே விட்டுவைத்தது என்று சரித்திரம் எழுதி, அவருக்கு இன்னொரு பளிங்கும் வைத்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து கிழக்கே பார்த்தால் முதலில் தெரிவது எங்கள் முதுகு, அதற்கு அப்பால்தான் பலிபீடம். யாரும் யாரையும் நகர்த்தவில்லை, பெஞ்சும் திருகிய இடத்தில்தான் இருக்கிறது, அவர்கள் கடைசி வரிசை ஆகிவிட்டார்கள்.

நற்கருணைக்கு மட்டும் அவர்களால் வர முடியவில்லை. வர வேண்டுமென்றால் அந்தப் படியை இறங்கிக் கீழத்தெருவில் கால் வைக்க வேண்டும். பல ஞாயிறு பசியோடு இருந்து பார்த்தார்கள். பிறகு ஒரு ஞாயிறு துரைசிங் சார் சபையின் சார்பாகப் படியின் விளிம்புவரை வந்து, ஐயரைப் பார்த்து, வருத்தத்தோடு ஒரு விண்ணப்பம் வைத்தார். அப்பத்தையும் பாத்திரத்தையும் ஐயர் உள்ளே கொண்டுவந்து, அந்தக் கோடியில், தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் தங்களுக்குக் கொடுத்துவிட்டால் போதும் என்றார்.

தொட்டிக்குப் பக்கத்தில் என்று அவர் வாயாலேயே சொன்னார். எங்கள் தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயர் தொற்காளைப் பார்த்தார். அவள் முழங்காலிலிருந்து எழுந்து, படிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, தன் மகளுக்குத் தடை சொன்ன மனிதரை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரு படிதான் சார், எறங்கி வாங்க" என்றாள். "பயப்படாதீங்க. அந்தக் கீழ் வேற. இது வேற கீழ்."

அவர் பின்னால் நின்றிருந்த அவருடைய மனைவி ரஞ்சிதம் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, அவரை விலக்கிக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் இறங்கினார்கள். சார் இன்னும் இறங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் விளிம்புவரை வந்து நிற்கிறார். அவருக்கென்று ஐயர் ஒரு துண்டு அப்பம் எடுத்துவைக்கிறார். மீந்ததை வெளியே போடக் கூடாது என்பது சபை விதி என்பதால், ஆராதனை முடிந்ததும் அதை ஐயரே சாப்பிட்டுவிடுகிறார்.